மேடையேறிய மனநோய் மருத்துவர்

கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசனையே கேள்வி கேட்பதை விடிய விடியக் கண்டு மகிழ்ந்தவர் நாம். ஆங்கில மேடையில் அவ்வாறு கேள்வி கேட்க ஒரு மனநோய் மருத்துவர் வந்தார். 1948இல் நோபெல் பரிசு பெற்ற டி. எஸ். எலியட், மறு ஆண்டு எடின்பரோ விழாவில் அரங்கேற்றிய ‘காக்டெயில் பார்ட்டி’ நாடகத்தின் சர் ஹென்றி ஹார்கோர்ட்-ரைலிதாம் அவர்.

மனைவி லவீனியா பிரிந்து போனபின், எட்வர்டு தம்மை நலவிடுதிக்கு அனுப்புமாறு வேண்டுகிறார். மருத்துவரோ லவீனியாவையும் அதே அறைக்கு வரவழைக்கிறார். நேசிக்க இயலாத கணவர், நேசிக்கப்பட இயலாத மனைவி. இக்குறையே உங்களைப் பிணைக்கும் என்று கூறி இருவரையும் இல்லத்திற்கே திருப்பியனுப்புகிறார்.

அடுத்து வருபவள் சீலியா. எட்வர்டிடம் தகாத காதல் கொண்டிருந்தவள். அவள் கூறும் நோய்க்குறிகள் இரண்டு: தனிமையுணர்வு, பாவவுணர்வு. நெறி பிறழ்ந்த வெட்கத்தை அவள் பாவம் என்னவில்லை. தனக்கு அப்பாலுள்ள எவருக்கோ கடன்பட்டுத் தவறிவிட்டதாக உணர்கிறாள். மருத்துவர் அதைப் பிரமை என்று தள்ளவில்லை. இல்லறம், கடுந்துறவு எனும் இரு வழிகளையும் காட்டுகிறார். அவள் இரண்டாவதைத் தேர்கிறாள். அவளிடம் அவர் கட்டணமும் பெறவில்லை. ஈராண்டுக்குப்பின், கொள்ளைநோயாளரை விட்டு நீங்க மறுத்து, கற்பனைத் தீவொன்றில் அவள் சிலுவையில் அறையுண்ட செய்தி விருந்தினரிடையே வந்து சேர்கிறது.

மருத்துவரின் அறை பாவசங்கீர்த்தனத் தொட்டியை நினைவூட்டுவது உண்மையே. ஆயினும் நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நோயாளிகள் கூறியதை இவர் தம் தோழர்களுடன் கலந்து பேசுகிறார்; குருவானவர் எவரும் அவ்வாறு செய்யத் துணியார்!

கல்வராயன் மலையிலாயினும் சமவெளியிலாயினும், ஒருவர் உறக்கமிழந்து தனியே பேசத் தொடங்கினால், ‘காற்று சேட்டை’ என்று மந்திரிப்பவரைத் தேடுகிறோம். நம் கத்தோலிக்க வீடுகளும் இதற்கு விலக்கன்று. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அச்சங்கிலியைத் தடை செய்துள்ளது. ஆனால் வெட்கத்தினால் உட்புறம் தாழிடப்படும் பின்கட்டு அறையைத் திறக்கச் சட்டம் வருவதில்லை. வீட்டாரே திறக்க வேண்டும். 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சிறுவங்கூரில் இருக்கிறது. அங்குச் செல்லக் கூசுவோர் முதலில் 14416 என்னும் எண்ணில் பேசலாம், அதற்கும் கட்டணமில்லை.