பொய்க் கொள்ளளவுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் உரை

இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் மேசையையும் தொடுகிறது. வாடிக்கையாளரின் மெமரி கார்டைத் திறந்து பார்ப்பது, அதிலுள்ளதைக் கடைக் கணினிக்குப் பிரதி எடுப்பது, மீட்ட படங்களை வேறு கார்டில் ஏற்றிக் கொடுப்பது எல்லாமே சட்டத்தின் கண்ணில் தரவைக் கையாளுதல்தான். சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் செய்வதற்கு மட்டுமே விலக்கு உண்டு. கூலி வாங்கிச் செய்யும் வேலை அதற்குள் வராது. 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்த முக்கியப் பகுதிகள் ஒத்திப்போடப்பட்டன, அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் வந்தது. அவகாசம் நீண்டதை வைத்து மேசையின் கடமை நீங்கிவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது.

தரவு மீறல் என்றதும் படம் வெளியே கசிவதைத்தான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். தவறுதலாக அழிந்துபோவதும் தொலைந்துபோவதும்கூட மீறலே. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் பணிப்புரைக்கு இணங்காதவர் மீது விதிக்கக்கூடிய தண்டம் ஒரு கோடி ரூபாய் வரை போகும். ஆகவே, "கார்ட் பிடிக்கவில்லை, ஃபோர்மட் அடித்துத் தருகிறேன்" என்று நம் தொழிலில் வாய்ப்பாடாகிப்போன வாக்கியம் இனிச் சட்டப் பிரச்சினையும் ஆகலாம். அந்த வாய்ப்பாடு ஒழிவதை இவ்விதழ் வரவேற்கிறது. படிக்கக்கூடிய நிலையிலுள்ள கார்டை ஃபோர்மட் செய்வது பழுதுபார்ப்பு அல்ல.

இந்த விடயத்தைத் தள்ளிப்போட முடியாதபடி செய்தது 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல். மகாவலி பெருகிப் பேராதனை, கம்பளைப் பக்கங்களில் நீர் ஏறியபின், சேறு படிந்த போன்களோடும் அவற்றிலிருந்து கழற்றிய கார்ட்களோடும் சனங்கள் கடைகளுக்கு வந்தார்கள். மைக்ரோ எஸ்டி கார்ட் என்பது கட்டுப்படுத்தியும் நினைவகச் சில்லும் ஒரே பிசின் வார்ப்புக்குள் இறுகிய ஒற்றைத் துண்டு. வார்ப்பில் வெடிப்பில்லை என்றால் தண்ணீர் உள்ளே போவதில்லை. போன் செத்துப்போயிருந்தாலும் கார்ட் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். வடித்த நீரில் அலசி, ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் தொடுமுனைகளைத் துடைத்து, ஒரு நாள் காற்றில் ஆறவிட்டபின் ரீடரில் போட வேண்டும். வெயிலிலோ சூட்டுக் காற்றிலோ காயவைக்கக் கூடாது. சேறு காயுமுன் செருகிப் பார்ப்பதும் தவறு. ஈரத்தில் மின் பாய்ந்தால் தொடுமுனை அரிபடும், நல்ல கார்ட்டும் கெடும்.

பழுதறியும் வேலையில் முதல் கேள்வி போனைப் பற்றியதாக இருக்க வேண்டும். கார்ட் எந்த போனில் கிடந்தது, அந்த போன் இப்போது எங்கே, யாராவது அதை ரீசெட் செய்தார்களா என்பதை ரசீது எழுதும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். 2015 இல் வந்த ஆண்ட்ரொய்ட் 6 முதல், கார்டைப் போனின் உள் நினைவகமாகவே ஆக்கிக்கொள்ளும் வசதி உண்டு. அப்படி ஆக்கிய கார்ட் முழுவதும் மறைகுறியாக்கப்பட்டு, திறவுகோல் போனுக்குள் தங்கிவிடும். சாம்சங் போன்களில் கார்டைத் தனியாக மறைகுறியாக்கும் தெரிவும் இருக்கிறது. இத்தகைய கார்ட் கணினியில் சரியான கொள்ளளவோடு எழும், ஆனால் கோப்பு முறைமை இல்லை என்று காட்டி ஃபோர்மட் கேட்கும். எந்த மீட்பு மென்பொருளை ஓட்டினாலும் குப்பைதான் வரும். போனை ரீசெட் செய்தால் திறவுகோல் அழிந்துவிடும், பிறகு அந்தக் கார்டைத் திறக்க வழியில்லை. வெள்ளத்தில் போன் போனாலும் கார்டாவது மிஞ்சியதே என்று ஆறுதலோடு வருபவரிடம், அந்தச் செத்த போனையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். மதர்போர்ட் ஒரே ஒரு தடவை எழுந்தால் போதும், படங்களை வெளியே எடுத்துவிடலாம். அந்த போனைக் கழிவுக் கூடையில் போட்டவர் படங்களையும் சேர்த்தே போட்டுவிட்டார்.

அடுத்தது பொருத்துமிடம். சிம்மும் கார்ட்டும் ஒரே தட்டில் அமரும் போன்களில் தட்டு சற்றே வளைந்திருந்தாலும் கார்ட் விட்டுவிட்டுத்தான் பிடிக்கும். மலைநாட்டு ஈரத்தில் எட்டுத் தொடுமுனைகளும் கறுத்துப்போவது வழக்கம். அழிறப்பரால் தேய்க்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அது கறையோடு பொன்முலாமையும் உரிக்கும், துகளை ஸ்லொட்டுக்குள் விட்டும் வரும். பழைய போன்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்ட்கள் எக்ஸ்ஃபாட் முறைமையோடு வருகின்றன. அதை அறியாத போன், கார்ட் பழுதென்று அறிவித்து ஃபோர்மட் திரைக்கே கொண்டுபோகும். அதே கார்ட் கணினியில் ஒரு குறையுமின்றித் திறக்கும்.

ரீடரில் போட்டதும் கணினி காட்டும் கொள்ளளவுதான் மிகப் பெரிய துப்பு. சரியான கொள்ளளவு காட்டி உள்ளே வெறுமையாக இருந்தால் கோப்பு முறைமைதான் உடைந்திருக்கிறது. 32 ஜிபி கார்ட் சில மெகாபைட் மட்டும் காட்டினால் கட்டுப்படுத்தி தன் நிலைபொருளை இழந்து நிற்கிறது. எதுவுமே காட்டாமல் கார்ட் சுட்டால் உள்ளே ஷோர்ட் இருக்கிறது, உடனே கழற்றிவிட வேண்டும். படங்களை அழித்தாலும் மறுபடி செருகும்போது அவை திரும்பி வந்து நிற்கின்றன, ஃபோர்மட் வெற்றி என்று காட்டியபின்னும் எல்லாம் பழையபடி இருக்கின்றன என்றால், தேய்ந்துபோன கார்ட் தன்னை எழுத்துப் பூட்டுக்குள் வைத்துக்கொண்டுவிட்டது. இதைத் திறக்க மென்பொருள் தேடித் திரிவது வீண்வேலை. உள்ளதெல்லாம் படிக்கக் கிடைக்கிறது, அதைப் பிரதி எடுத்துக்கொண்டு கார்டுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

கார்ட் எழுந்து நிற்கிறது, ஆனால் கோப்புகள் தெரியவில்லை என்றால் அடுத்து எடுக்க வேண்டியது முழுப் பிரதி. மீட்பு மென்பொருள் அதற்குப் பிறகுதான். டிடிரெஸ்க்யூ போன்ற கருவி நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பின்னர் திரும்பி வரும். எங்கே விட்டது என்ற குறிப்பையும் எழுதி வைக்கும். இடையில் கார்ட் விழுந்துவிட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள் எல்லாம் அந்தப் பிரதியின் மேல்தான் ஓட வேண்டும். விண்டோஸ் கேட்கும் "பிழைகளைச் சரிசெய்யவா" என்ற கேள்விக்கு மூலக் கார்டின் மேல் ஆம் சொல்வது ஃபோர்மட்டுக்கு அடுத்த பெரும் பிழை. கோப்பு அட்டவணை உடைந்த கார்டில் அது கோப்புறைகளைப் பிய்த்துப் பெயரில்லாத் துண்டுகளாகக் குவித்து வைத்துவிடும். கட்டுப்படுத்தியே செத்த கார்ட் என்றால், பிசினைச் சுரண்டி உள் முனைகளில் கம்பி பற்றவைத்து, நினைவகத்தை நேரே படித்துத் தரவைக் கோர்க்க வேண்டும். அதற்குரிய கருவியும் பயிற்சியும் இல்லாத மேசை, சுரண்டிப் பார்க்காமல் திருப்பிக் கொடுப்பதே நேர்மை.

இதுவரை சொன்ன எந்த முறைக்கும் மசியாத ஒரு கார்ட் உண்டு. இவ்விதழ் நெடுங்காலமாக எழுதிவருவதும் அதைப் பற்றியே. மேலே 512 ஜிபி என்று அச்சு, உள்ளே 8 அல்லது 16 ஜிபிச் சில்லு, பொய்க் கொள்ளளவைச் சொல்லும்படி திருத்திய நிலைபொருள். உண்மையான இடம் நிரம்பும்வரை அது ஒழுங்காக வேலை செய்யும். வாங்கி மாதக்கணக்கில் எந்தக் குறையும் தெரியாது. இடம் நிரம்பியபின் எழுதுவது ஒன்றில் எங்கும் போய்ச் சேராமல் மறையும், அல்லது தொடக்கத்துக்கே சுற்றி வந்து கோப்பு அட்டவணையின் மேல் விழும். முதல் வகையில் படத்தின் பெயர் இருக்கும், அளவு இருக்கும், சிறு முன்காட்சிகூட இருக்கும். தட்டினால் சாம்பல் நிறம். இரண்டாம் வகையில் ஒரே காலையில் கார்ட் முழுவதும் பழுது. அந்தப் படங்கள் எழுதப்படவே இல்லை, அல்லது ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்டுவிட்டன. உலகில் எந்தக் கருவியும் அவற்றை மீட்காது.

வாடிக்கையாளர் இதை எங்கே வந்து சொல்கிறார்? கார்டை விற்றவர் நடைபாதையிலிருந்து எப்போதோ எழுந்து போய்விட்டார், இணையத்தில் விற்றவருக்கு முகமே இல்லை. கடைசியாகக் கார்டைத் தொட்டவர் பழுதுபார்ப்பவர். "கொண்டுவரும்போது படங்கள் தெரிந்தன, நீங்கள் பார்த்தபின் திறக்கவில்லை" என்ற குற்றச்சாட்டு அவர் தலையில் விழுகிறது. தரவு அழிவையும் மீறலாகக் கொள்ளும் சட்டம் வந்தபின் அந்தக் குற்றச்சாட்டின் கனம் இன்னும் கூடுகிறது. பொய் விற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்க, உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பதில் சொல்ல நிற்கிறார்.

அதிகாரிகளுக்கு ஆள்பலமும் கருவியும் இல்லை என்று சொல்ல இடமில்லை. 2025 ஜனவரி 29 முதல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு ஒவ்வொரு போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் கணக்கில் வைக்கிறது. பதிவில்லாத புதிய போனுக்கு வலையமைப்பில் இடமில்லை. 2024 ஜனவரியில் போனுக்கும் 18 சதவீத வற் வரி வந்தது. எண்ணைக் கேட்டார்கள், வரியைக் கேட்டார்கள். அதே போனுக்குள் செருகும் கார்ட் வானலைச் சாதனம் அல்ல, அதற்கு ஐஎம்இஐ கிடையாது, ஆகவே ஆணைக்குழுவின் கண்ணில் அது படாது. ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளைப் பற்றிப் பொய்யாக விவரித்து விற்பதைத் தடுக்கிறது. 8 ஜிபியை 512 என்று அச்சிடுவதைவிடத் தெளிவான பொய் விவரிப்பு எது? அரிசி விலைக்கும் முட்டை விலைக்கும் கடைகடையாக ஏறி இறங்கத் தெரிந்த அந்த அதிகாரசபையினர், ஒரு மடிகணினியும் எஃப்3 என்ற கொள்ளளவுச் சோதனைத் தொகுப்பின் விரைவுச் சோதனையும் கையில் இருந்தால் சந்தேகக் கார்ட் ஒன்றைச் சில நிமிடங்களில் அம்பலப்படுத்தலாம். அந்தச் சோதனையை நடத்தக் கூலியில்லாமல் வந்து நிற்க இந்தத் தொழிலில் ஆட்கள் உண்டு. கேட்கத்தான் எவருமில்லை.

நட்டம் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். மேல்விலைப் போன்களிலிருந்து கார்ட் ஸ்லொட் மறைந்து வருகிறது. சாம்சங்கின் நடுத்தர விலை ஏ36, ஏ56 போன்களிலேயே 2025 இல் அது இல்லாமற்போயிற்று. மேகச் சேமிப்புக்கு மாதாமாதம் கட்டக்கூடியவருக்கு அது பெரிய விடயமல்ல. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பழைய போனையே ஒட்டியும் கட்டியும் பாவிக்கிற தோட்டக் குடும்பத்துக்குக் கார்ட்தான் எல்லாம். மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகள் அனுப்பிய குரல் பதிவுகள், தகப்பனின் செத்தவீட்டுப் படங்கள், அடையாள அட்டையினதும் பிறப்புச் சான்றிதழினதும் படங்கள் எல்லாம் விரல்நகம் அளவான ஒரு துண்டில் கிடக்கின்றன. வேறு பிரதி இல்லை. குறைந்த விலையில் பெரிய கொள்ளளவு என்ற ஆசை காட்டப்படுவதும் இவர்களுக்குத்தான். தரவைப் பாதுகாக்கச் சட்டம் செய்த அரசு, தரவைப் பிறக்கும்போதே விழுங்கும் பொருளைச் சந்தையில் விட்டு வைத்திருப்பது எந்த நியாயத்தில் சேரும்?

அந்தப் பொருள் சந்தையிலிருந்து அகலும்வரை மேசை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். சந்தேகத்துக்குரிய கார்டில் முதலில் அடையாளப் பதிவேட்டைப் படிக்கலாம். யூஎஸ்பி ரீடர் அதைக் காட்டாது, மடிகணினியின் உள் ஸ்லொட்டில் லினக்ஸ் காட்டும். சான்டிஸ்க் என்று அச்சிட்ட கார்டின் உற்பத்தியாளர் எண் 03 ஆக இல்லாவிட்டால் அச்சை நம்ப வேண்டியதில்லை. எண் பொருந்துவதால் மட்டும் கார்ட் அசலாகிவிடாது, ஏனெனில் அந்த எண்ணையும் போலியாக எழுதலாம். இறுதிச் சான்று எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 கொண்டு முழுக் கொள்ளளவுக்கும் எழுதித் திரும்பப் படிப்பதே. அது கார்டை நிரப்பும் சோதனை. பிரதி எடுத்து முடித்தபின்னும் உரிமையாளரின் சம்மதத்தோடும்தான் அதைச் செய்ய வேண்டும். முடிவுத் திரையைப் படமெடுத்து ரசீதோடு கொடுத்தால், விற்றவரிடம் போய்க் கேட்க அவருக்கும் ஒரு ஆதாரம் கிடைக்கும்.

ரசீதில் நான்கு விடயங்கள் இருந்தால் போதும். கார்ட் வந்தபோது இருந்த நிலை, ரீடர் காட்டிய கொள்ளளவு, பிரதி எடுக்க உரிமையாளர் தந்த சம்மதம், அந்தப் பிரதி அழிக்கப்படும் திகதி. கையெழுத்து வாங்கும் முன் அவருக்குத் தெரிந்த மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டும். கோப்புகள் சரியாக வந்தனவா என்று பார்ப்பதற்குத் திறக்கும் படங்கள் ஒன்றிரண்டோடு நிற்க வேண்டும், அதையும் உரிமையாளர் பக்கத்தில் இருக்கும்போதே செய்வது நல்லது. மீட்டவற்றை அவர் சரிபார்த்து ஒப்புக்கொண்டதும் கடைக் கணினியிலுள்ள முழுப் பிரதியை அவர் முன்னிலையிலேயே அழிக்கலாம். ஒரு கிழமைக்கு மேல் வைத்திருக்கக் காரணமில்லை. மீட்க முடியாத கார்டை மேசை லாச்சியில் சேர்த்து வைப்பதோ குப்பையில் எறிவதோ கூடாது. அதனுள் இருப்பது இன்னும் அவருடைய தரவு, ஆகவே செத்த கார்டையும் எண்ணிக் கையில் கொடுத்து ரசீதில் குறித்துக்கொள்ள வேண்டும்.