பழசானா பொக்கிஷமா? - ஒரு புளிப்பு செர்ரி பீரும் கொஞ்சம் புலம்பலும்

தலைப்பைப் பார்த்துட்டு "பய கெட்டுப் போயிட்டான்"னு முடிவு கட்டிடாதீங்க மக்களே. இது போதையைப் பத்தின பதிவு இல்லை, புளிப்பைப் பத்தினது. அதுல ஒரு சின்ன கோபமும் கலந்திருக்கு. கோபத்தை மட்டும் சொன்னா புரியாது, அதனால கொஞ்சம் கதை கேட்டுத்தான் ஆகணும்.

க்ரீக்னு ஒரு பீர் இருக்கு. பெல்ஜியத்துல ஃப்ளெமிஷ் பேசுறவங்க புளிப்பு செர்ரிக்கு வெச்சிருக்கற பேரே க்ரீக்தான். பிரஸ்ஸல்ஸ் நகரமும் அதை ஒட்டின பஜோட்டன்லாண்ட் பகுதியும்தான் இதுக்குச் சொந்த ஊர். க்ரீக்குக்கு அடிப்படை லாம்பிக்ங்கற பீர். நமக்குத் தெரிஞ்ச பீர்ல எல்லாம் ஈஸ்ட்டை அளந்து போடுவாங்க. லாம்பிக்ல ஒண்ணுமே போட மாட்டாங்க. கோதுமையும் பார்லி மால்ட்டும் சேர்த்துக் காய்ச்சின சாறை, மாடியில கூரைக்குக் கீழ இருக்கற அகலமான, ஆழமில்லாத பெரிய தொட்டியில ராத்திரி முழுக்கத் திறந்து போட்டுடுவாங்க. காத்துலயும் கட்டடத்துலயும் இருக்கற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதுவா வந்து இறங்கும். காலையில மரப் பீப்பாய்க்கு மாத்திட்டா 1 வருஷம், 2 வருஷம், 3 வருஷம்னு அது பாட்டுக்குப் புளிக்கும்.

நம்மாளுங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது. இட்லி மாவுல யாரு ஈஸ்ட் போட்டா? பனைமரத்துல கட்டின பானையில கள்ளு தானா நுரைச்சு வரலையா? அதே சங்கதிதான். நம்ம கள்ளு ஒரு நாள் தாண்டினா வாயில வைக்க முடியாது, இவங்களோடது வருஷக்கணக்குல நிதானமாப் புளிக்குது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பிரஸ்ஸல்ஸ்ல கான்டியோன்னு ஒரு ஆலை இருக்கு. 1900ல ஆரம்பிச்சது. நகரத்துக்குள்ள இருந்த பழைய லாம்பிக் ஆலைகள்ல மிஞ்சினது இது ஒண்ணுதான். 1978ல இருந்து அதையே மியூசியமாவும் நடத்துறாங்க, போறவங்க சுத்திப் பார்க்கலாம். அங்க சிலந்தி வலையைக் கலைக்க மாட்டாங்க. பழமும் சர்க்கரையும் இருக்கற இடத்துக்குப் பூச்சி வரும், பூச்சியைப் பிடிக்கச் சிலந்தி. இதைப் படிச்ச அன்னைக்கு எங்க ரூம் ஒட்டடையை ஒரு மாசம் நான் தொடவே இல்லை :-)

இந்த லாம்பிக்ல செர்ரியை ஊறப் போட்டா க்ரீக். கான்டியோன் கணக்குல ஒரு லிட்டருக்கு 200 கிராம் பழம், கொட்டையோட. பழத்துல இருக்கற சர்க்கரையை ஈஸ்ட் மொத்தமாத் தின்னுடும், இனிப்பு மிஞ்சாது. மிஞ்சறது நிறம், வாசனை, புளிப்பு, அப்புறம் கொட்டையில இருந்து இறங்கற லேசான பாதாம் வாசம். கடையில கிடைக்கற இனிப்பு க்ரீக் வேற ஜாதி. அசலுக்கு ஓடே க்ரீக்னு பேரு, 1997ல இருந்து ஐரோப்பிய யூனியன் அந்தப் பேருக்குப் பாதுகாப்பு குடுத்திருக்கு. "ஓடே"ன்னா "பழைய"ன்னு அர்த்தம். நம்ம பிரச்சினைக்கு ஆரம்பமே இந்த வார்த்தைதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். போன குளிர்காலத்துல, எங்க டீம்ல இருந்த ஒரு பெல்ஜியக்காரர் தன் வீட்டு நிலவறையில இருந்து 2010ல அடைச்ச க்ரீக் ஒண்ணை எடுத்துட்டு வந்தார். பக்கத்துலயே அதே ஆலையோட புது பாட்டில் ஒண்ணு. நாலு பேர், சின்னச் சின்ன கிளாஸ். பழைய பாட்டிலை அவர் தூக்கின விதத்தைப் பார்த்தா, பிரசவ வார்டுல நர்ஸம்மா குழந்தையைத் தூக்கற மாதிரி இருந்தது.

புதுசை முதல்ல ஊத்தினார். நிறமே பளீர்னு, மாதுளம்பழத்தை உடைச்ச மாதிரி. மூக்குகிட்ட கொண்டு போனதுமே செர்ரி. வாயில வெச்சா காதோரம் கூசுற அளவுக்குப் புளிப்பு. பச்சை மாங்காயை உப்பு தொடாம கடிச்சா வருமே, அது. ஆனா அந்தப் புளிப்புக்குப் பின்னாடியே பழம் ஓடி வந்து சமாதானம் பண்ணிடுது.

அப்புறம் பழசு. சிவப்பு போய் பழுப்பு ஏறி, செங்கல் தண்ணி மாதிரி நிறம். நுரை கொஞ்சம்தான். வாசனையில பழைய தோல் செருப்பு, ஈர மரம், பாதாம். வாயில புளிப்பு அப்படியேதான் இருந்தது, ஆனா கூச்சம் இல்லாம உருண்டையா இறங்குது. நல்லா இருந்ததா? இருந்தது. ரெண்டாவது மடக்கு இன்னும் நல்லா இருந்தது. செர்ரி எங்கேன்னு தேடினேன். நாக்கோட கடைசியில உலர்ந்த பழத்தோல் மாதிரி ஒரு சுவடு, அவ்வளவுதான். என் ரூம்மேட் ஒரே வரியில முடிச்சுட்டான்: "மச்சி, அருமையா இருக்குடா. ஆனா இதுல செர்ரி போட்டாங்கன்னு சத்தியம் பண்ணாத்தான் நம்புவேன்."

காரணம் ஒண்ணும் ரகசியம் இல்லை. செர்ரியோட சிவப்பு நிறமி வருஷம் போகப் போக மாறிப் பழுப்பாயிடும். பழ வாசனை தர்ற பொருள்கள் சிதையும். பிரெட்டனோமைசஸ்ங்கற காட்டு ஈஸ்ட், 1904ல கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்துல அடையாளம் கண்ட ஆசாமி, பாட்டிலுக்குள்ளயும் சும்மா இருக்காது. மெதுவா வேலை பார்த்துத் தோல், வைக்கோல் மாதிரி வாசனைகளைக் கொண்டு வரும். அதாவது வருஷம் ஏற ஏற க்ரீக் திரும்ப லாம்பிக்காவே ஆகிட்டு இருக்கு. பழம் போடாம, இளசும் கிழசுமான லாம்பிக்கைக் கலந்து அடைக்கற கூஸ்னு ஒண்ணு இருக்கு. அதை 10, 20 வருஷம் வைக்கறதுல நியாயம் இருக்கு, அது அதுக்குன்னே செஞ்சது. செர்ரியைப் போட்டு, செர்ரி காணாமப் போற வரைக்கும் காத்திருக்கறது என்ன கணக்கு?

அந்த செர்ரி ஒண்ணும் சும்மா வரலை. ஸ்கார்பேக்ங்கற பகுதியோட செர்ரிதான் இதுக்குப் பேர் போனது. அந்தக் காலத்துல கழுதை மேல ஏத்தி பிரஸ்ஸல்ஸ் சந்தைக்குக் கொண்டு வருவாங்களாம், அதனாலதான் ஸ்கார்பேக்குக்குக் கழுதைகளின் ஊர்னே பட்டப்பேர். இப்ப அங்க தோட்டம் இல்லை, வீடுங்கதான். அந்த ரகம் கொஞ்சமாத்தான் கிடைக்குது, அதனால போலந்து மாதிரி வெளிநாட்டுல இருந்தும் பழம் வாங்குறாங்க. காய்ச்சறதும் குளிர்காலத்துல மட்டும்தான், ராத்திரி குளிரா இருந்தாத்தான் கெட்ட பாக்டீரியா முந்தாது. 2015 நவம்பர்ல வெயில் தணியாம கான்டியோன் காய்ச்சறதையே நிறுத்த வேண்டி வந்தது. இவ்வளவு கஷ்டத்துல வர்ற சரக்கு எப்பவுமே கொஞ்சம்தான் இருக்கும்.

இங்கதான் என் கோபம். கொஞ்சமா இருக்குன்னு தெரிஞ்சதும் ஒரு கூட்டம் பெட்டி பெட்டியா வாங்கிப் பூட்டி வெச்சுடுது. குடிக்கறதுக்கு இல்லை. அடுத்த வருஷம் ஏலத்துல பல மடங்குக்கு விக்கறதுக்கு, இல்லைன்னா போட்டோ எடுத்துப் போடறதுக்கு. ஆலைக்காரங்களுக்கே இது வெறுத்துப் போச்சு. கான்டியோன் வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்வான்ஸேன்னு ஒரு விசேஷ பீர் விடுவாங்க, பிரஸ்ஸல்ஸ் பேச்சு வழக்குல கிண்டல், நையாண்டின்னு அர்த்தம். அந்த பாட்டிலெல்லாம் இணையத்துல கொள்ளை விலைக்குப் போறதைப் பார்த்துட்டு, 2011ல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பாட்டிலே கிடையாது. உலகம் முழுக்கத் தேர்ந்தெடுத்த கடைகள்ல ஒரே நாள்ல பீப்பாயைத் திறப்பாங்க, வந்தவங்க அங்கேயே குடிச்சுட்டுப் போகணும். ஒரு வியாபாரி தன் சரக்கை யாரும் பதுக்கக் கூடாதுன்னு மெனக்கெடறதை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

இதை அன்னைக்கே சொன்னேன். நம்ம பெல்ஜியக்காரர் கோவிச்சுக்கலை, ஆனா விட்டுக்குடுக்கவும் இல்லை. "நான் விக்கறதுக்கு வைக்கலைப்பா. 2010ல நான் எப்படி இருந்தேன்னு இதைத் திறக்கும்போது ஞாபகம் வருது. ருசி மாறும்னு தெரிஞ்சுதான் வைக்கறேன், அந்த மாத்தத்தைப் பார்க்கறதுக்குத்தான்"ன்னார். அதுல நியாயம் இருக்கு. ஒண்ணு ரெண்டு பாட்டிலை வெச்சு, நாலு பேரைக் கூப்பிட்டுத் திறக்கறவர் பதுக்கல்காரர் இல்லை. ஆனா அவரே இன்னொண்ணும் சொன்னார். அவங்க தாத்தா காலத்துல லாம்பிக் கூலிக்காரனும் விவசாயியும் குடிச்ச சாதாரணச் சரக்கு, ஜாடியில ஊத்தி மேஜை மேல வெச்சுட்டு சீட்டாடுவாங்களாம். இப்ப அதே ஊர்ப் பெரியவர் ஒருத்தர் பேர் போன பாட்டில் ஒண்ணு வேணும்னா, வெளிநாட்டுக்காரனோட ஏலத்துல போட்டி போடணும்.

அதனால என் கட்சி இதுதான். வயசுங்கறது ருசி இல்லை, அரிதுங்கறதும் ருசி இல்லை. எதை எப்ப சாப்பிடணும்னு அதைச் செஞ்சவனுக்குத் தெரியும். மாவடுவை மூணு வருஷம் வைக்கலாம், மாம்பழத்தை வைக்க முடியுமா? கூஸ் மாவடு, க்ரீக் மாம்பழம். உங்க யார்கிட்டயாவது, பீரோ வேற எதுவோ, "நல்ல நாளுக்கு"ன்னு எடுத்து வெச்சது ஏதாச்சும் இருந்தா, இந்த சனிக்கிழமை நல்ல நாள்தான். நாலு பேரைக் கூப்பிடுங்க.

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். இந்தப் பதிவுக்காக நாலு பேர் சேர்ந்து காலி பண்ணது மொத்தம் ரெண்டே பாட்டில். வீட்டுல யாராச்சும் படிச்சா இந்த வரியை மட்டும் ரெண்டு தடவை படிக்கவும் :-)