கூரை உண்டு, விலாசம் இல்லை

வீடு என்பது வெயிலையும் மழையையும் தடுக்கும் கூரை மட்டுமன்று. இன்றைய அரசமைப்பில் அது ஒரு விலாசமுமாகும். வாக்குரிமை, பிள்ளையின் பாடசாலை அனுமதி, கிராம உத்தியோகத்தர் வழங்கும் வதிவிடச் சான்றிதழ் ஆகிய யாவும் அவ்விலாசத்தைப் பற்றியே நிற்கின்றன. இதனை மனங்கொண்டு நோக்குமிடத்து, கண்டியில் வாடகை வீடு தேடுவோர் எதிர்கொள்ளும் இடர் வெறும் பணப் பிரச்சினை அன்று என்பது புலனாகும்.

மகாவலி வளைந்தோட, ஹந்தானை மலைத்தொடரும் உடவத்தகெலே காடும் நெருக்கி நிற்கும் இந்நகரில் நிலம் அரிது. தொழிலும் கல்வியும் நாடி வருவோரோ பலர். நகருள் இடங்கிடையாதோர் கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கெலிஓயா, பிலிமத்தலாவை என விலகிச் செல்கின்றனர். தரகருக்குக் கொடுத்து, முற்பணமும் தேடிக் கொடுத்த பின்னரும் அவர்களுட் பலருக்கு ஒரு நிபந்தனை காத்திருக்கிறது. அது எந்த உடன்படிக்கையிலும் எழுதப்படுவதில்லை, திறப்பைக் கையளிக்கும்போது வாய்மொழியாகவே சொல்லப்படுகிறது: “இருக்கலாம், ஆனால் இந்த விலாசத்தில் வாக்காளர் பதிவு வைக்கக்கூடாது.”

வீட்டுச் சொந்தக்காரரின் அச்சத்துக்கு வரலாறு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரை எளிதில் வெளியேற்ற இயலாதவாறு செய்தது. 1973இன் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கே எல்லை வகுத்தது. அன்று வேரூன்றிய அச்சம் இன்றும் அகலவில்லை. எனினும் வாக்காளர் இடாப்பு உறுதிப் பத்திரம் அன்று. 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க வாக்காளர் பதிவுச் சட்டம் கேட்பது, ஒருவர் ஓரிடத்தில் வழக்கமாக வதிகிறாரா என்பதையே. அவ்வீடு அவருக்குச் சொந்தமா என்பதையன்று. சட்டம் தந்த உரிமையைத் தனியொருவரின் வாய்ச்சொல் பறிப்பது எங்ஙனம் நியாயமாகும்?

இந்நிபந்தனை எல்லா இனத்தவரையும் தாக்குகிறதாயினும், ஆழமாகத் தாக்குவது மலையகத் தமிழரையே. 1867இல் தேயிலைச் செய்கை தொடங்கிய லூல்கந்துரை கண்டி மாவட்டத்திலேயே உள்ளது. அம்மலைகளின் லயக் காம்பராக்களில் தலைமுறைகள் பல வாழ்ந்தும், அவை அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. கடிதங்கூடத் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. இழந்ததை மீட்கும் சட்டங்களின் வரிசை 2003ஐயும் கடந்து நீண்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் போராடி மீட்ட பெயர், நகருக்கு வந்ததும் ஒரு வீட்டுக்காரரின் விருப்பத்துக்குப் பணயமாகிறது. அன்று பாராளுமன்றம் செய்ததை இன்று படலையடியில் நின்று ஒருவர் செய்துவிடுகிறார்.

“வீடு கிடைத்ததே பெரிது, பதிவு தோட்டத்திலேயே இருக்கட்டும்” என்று அமைதி கூறுவாரும் உளர். இவ்வமைதியின் விலையைச் செலுத்துவோர் பிள்ளைகளே. அரச பாடசாலையில் முதலாந் தர அனுமதிக்கு வதிவிடத்தை நிறுவும்போது, முன்னைய ஆண்டுகளின் வாக்காளர் பதிவுகளுக்குப் புள்ளிகள் உண்டு. பதிவில்லாத குடும்பத்தின் பிள்ளை பாடசாலை மணியோசை கேட்கும் தூரத்தில் வாழ்ந்தும் வெளியே நிற்கிறது. நகரின் குடிநீரையும் குப்பையையும் பற்றித் தீர்மானிக்கும் மாநகர சபையைத் தெரிவதிலும் அக்குடும்பத்துக்குப் பங்கில்லை. உழைப்பை ஏற்கும் நகரம் உழைப்பவரின் பெயரை ஏற்க மறுக்கிறது.

இதில் கற்றோரின் பங்கு யாது? வதிவிடப் பல்கலைக்கழகம் என்னும் இலட்சியத்தோடு 1952இல் பேராதனை வளாகம் உருப்பெற்றது. அதன் விடுதிகளுள் ஒன்று தாங்கும் பெயர் அருணாசலம். தோட்டத் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பிய தொழிற் சட்டங்களை எதிர்த்தவர் அவர். அவ்விடுதிகளில் வாழ்ந்து பட்டம்பெற்று வெளியேறுவோர், வாடகை வீடு தேடும்போது அந்நிபந்தனைக்கு மௌனமாய்த் தலையசைக்கின்றனர்; பின்னர் தாமே வீடு கட்டி வாடகைக்கு விடும்போது அதையே பிறர்க்கு விதிக்கின்றனர். வீட்டுக்காரர் தமிழராயின் நிபந்தனை தளர்ந்துவிடுவதுமில்லை. மேடையில் மலையக மக்களின் உரிமை பேசி, வீட்டு வாசலில் அதனை மறுப்பது இரட்டை நாக்கன்றி வேறென்ன?

பரிகாரம் எட்டாத தொலைவில் இல்லை. வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் பதிவுக்கு வாயிற்காவலாய் நிற்றலாகாது. அங்கு வதிவதே போதிய சான்றாகக் கொள்ளப்பட வேண்டும். பெயர் விடுபட்டோர் உரிமைக் கோரிக்கை சமர்ப்பிக்கச் சட்டம் இடமளித்துள்ளது. அப்படிவத்தை நிரப்பத் தெரியாதோருக்கு நிரப்பிக் கொடுப்பது மாணவ சங்கங்களால் இயலாத காரியமன்று. வீடுடைய கற்றோர் தம் வீட்டில் குடியிருப்போரின் பெயரைத் தாமே முன்வந்து பதிவித்தல் அதனினும் எளிது. வாடகையைப் பெற்றுக்கொண்டு விலாசத்தை மறுப்பவர் வீட்டின் பாதியையே கொடுக்கிறார். விலையை மட்டும் முழுமையாக வாங்குகிறார்.