ஊர் ருசி: யுவான் சுவாங் வந்த ஊரில் ஒரு குடலை இட்லி

சீனாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் போடும் வீடியோக்களைக் கவனித்திருக்கிறீர்களா? கோட்டை, கோபுரமெல்லாம் அப்புறம்தான். பலரும் முதலில் காட்டுவது ஒரு மூங்கில் கூடையை. மூடியைத் திறந்ததும் குபுகுபுவென ஆவி கிளம்பும். உள்ளே இலை மேலே குட்டிக் குட்டியாக மாவுப் பண்டங்கள். பார்க்கும்போதே நமக்கும் பாஸ்போர்ட்டைத் தேடத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். மூங்கில் கூடை, இலை வாசனை, மூடியைத் திறந்ததும் கிளம்பும் ஆவி எல்லாமே சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. பட்டுப் புடவை எடுக்கப் போகும்போது நாம் கவனிக்காமல் தாண்டிப் போகிற காஞ்சிபுரம் கோயில் இட்லியைத்தான் சொல்கிறேன். உள்ளூர்க்காரர்களுக்கு அது குடலை இட்லி.

அவர்கள் ஊர்க் கொழுக்கட்டை

சீனாவின் வட பகுதியில் கோதுமை மாவுக்குள் பூரணம் வைத்து மடிக்கும் ஜியாவோசி பிரபலம். கிட்டத்தட்ட நம் சோமாஸ் வடிவம்தான். ஆனால் எண்ணெயில் பொரிப்பதைவிட வேகவைப்பதுதான் அதிகம். சீனாவின் மேற்குக் கோடியில், துர்ஃபான் பக்கத்தில் இருக்கும் அஸ்தானா கல்லறைகளைத் தோண்டியபோது, தாங் அரச மரபுக் காலத்து ஜியாவோசி காய்ந்துபோய் அப்படியே கிடைத்திருக்கிறது. பாலைவன வறட்சியால் ஆயிரம் ஆண்டு தாண்டியும் வடிவம் கெடவில்லை.

தெற்கே போனால் சோங்ஸி. ஒட்டும் பதமுள்ள அரிசியை மூங்கில் இலையில் வைத்து, நூலால் கட்டி, மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். அவர்கள் நாள்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் தேதி வரும் படகுத் திருவிழாவுக்கு இது இல்லாமல் ஆகாது. வடக்கே பேரீச்சை வகைப் பழம் வைத்து இனிப்பாகவும், தெற்கே இறைச்சி வைத்து உப்பாகவும் செய்வார்கள். ஷாங்காய்க்கும் ஹாங்சோவுக்கும் நடுவில் இருக்கும் ஜியாஷிங் ஊர்தான் இதற்குப் பேர்போனது. நம் மணப்பாறை முறுக்கு மாதிரி, அந்த வழியில் போகிறவர்கள் வாங்காமல் வர மாட்டார்கள்.

அரிசி, இலை, ஆவி, நேரம். இந்த நான்கும்தான் குடலை இட்லிக்கும் மூலதனம்.

சீன யாத்ரீகர் பார்த்த காஞ்சி

பள்ளிப் பாடத்தில் யுவான் சுவாங் படித்தது நினைவிருக்கிறதா? புத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வந்த அந்தத் துறவி, இங்கே வரும் வழியில் துர்ஃபான் பகுதியில் இருந்த காவ்சாங் அரசின் விருந்தினராகத் தங்கியவர். ஜியாவோசி கிடைத்த அதே வட்டாரம்! அங்கிருந்து மலையும் பாலைவனமும் கடந்து, 640-ஆம் ஆண்டு வாக்கில் காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது முதலாம் நரசிம்மவர்மப் பல்லவனின் ஆட்சி. நூற்றுக்கும் மேற்பட்ட புத்த மடங்களும், பத்தாயிரம் துறவிகளும் இந்த நாட்டில் இருந்ததாக அவர் எழுதி வைத்தார். இங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேறுவதுதான் திட்டம். அங்கே அரசர் இறந்து, பஞ்சமும் குழப்பமுமாக இருக்கிறது என்று தப்பி வந்த துறவிகள் சொன்னதால் பயணத்தைக் கைவிட்டார்.

இவருக்கும் இட்லிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? உணவு வரலாற்று ஆய்வாளர் கே.டி. அச்சயா, இட்லி எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தபோது சாட்சிக்குக் கூப்பிட்டதே யுவான் சுவாங்கைத்தான். இந்தியாவில் ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார் என்பதைக் காட்டி, புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் முறை இந்தோனேசியா வழியாக வந்திருக்கலாம் என்றார் அச்சயா. 'இட்டலிகே' என்ற பெயர் கன்னட நூலான வட்டாராதனேயில், 10-ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வருகிறது.

ஆனால் ஒன்று. ஆவிக்குத் தனிப் பாத்திரமே வேண்டும் என்று யார் சொன்னது? பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, வாயில் துணியைக் கட்டி மாவை வைத்தாலே வெந்துவிடும். நம் பாட்டிகள் அப்படிச் செய்தவர்கள்தானே! குடலை இட்லியும் அந்த வழியில் வந்ததுதான். தட்டும் கிடையாது, குழியும் கிடையாது. ஒரு கூடை, சில இலைகள், அவ்வளவுதான்.

குடலைக்குள் என்ன நடக்கிறது?

சின்ன காஞ்சிபுரத்தில் உள்ள வரதராஜப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் செய்யப்படுவதுதான் அசல். அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து, ரவைப் பதத்தில் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைக்கிறார்கள். வீட்டு இட்லியைவிட உளுந்து தாராளம். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய், நல்லெண்ணெய் சேரும். மிளகாய் கிடையாது. மிளகாய் போர்ச்சுக்கீசியர் வழியாகப் பிற்காலத்தில் வந்த சரக்கு. கோயில் சமையல் இன்னும் மிளகுக் காரத்திலேயே நிற்கிறது.

நீளமான மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிலும் அடுக்கி, மாவை ஊற்றி வேகவைக்கிறார்கள். வீட்டு இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தயார். இது மூன்று மணி நேரம்போல எடுக்கும். காரணம் கனம்தான். அத்தனை தடிமனான மாவின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர நேரம் பிடிக்கும். மாவு நைஸாக இருந்தால் நடுவில் களியாகிவிடும். கொரகொரப்பாக இருப்பதால்தான் ஆவி உள்ளே நுழைகிறது. மூங்கில் பின்னலின் இடுக்குகளும் ஆவிக்கு வழிவிடுகின்றன. அந்த மூன்று மணி நேரத்தில் மந்தாரை இலையின் மணம் மாவில் இறங்கிவிடும்.

பெருமாளுக்கு நைவேத்தியமான பிறகு குடலையிலிருந்து எடுத்து, துண்டு போட்டுத் தருகிறார்கள். "சட்னி, சாம்பார் தேடாதேம்மா. பிரசாதம், அப்படியே வாயில போடு" என்றார் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி. சரியான யோசனை. முதலில் நெய், அடுத்து புளிப்பு, கடைசியில் தொண்டையில் சுக்கும் மிளகும். பஞ்சுபோல இருக்காது. கடித்தால் கொஞ்சம் கெட்டியாக நின்று, பிறகு கரையும். சீக்கிரம் கெடாது என்பதால் வெளியூர்க்காரர்கள் கட்டி எடுத்துப்போகவும் ஏற்றது.

பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா?

இப்போது எந்த ஊர் ஹோட்டலிலும் 'காஞ்சிபுரம் இட்லி' கிடைக்கிறது. பெரும்பாலும் சாதா இட்லி மாவில் மிளகு சீரகத்தைத் தாளித்துக் கொட்டி, டம்ளரிலோ கிண்ணத்திலோ ஊற்றி எடுத்தது. மேலே ஒரு முந்திரி. தப்பில்லை, ருசியாகவும் இருக்கலாம். ஆனால் அதில் குடலை இல்லை, இலை இல்லை, அந்தப் பொறுமையும் இல்லை.

காஞ்சிப் பட்டுக்கு நடந்ததும் இதுதானே? விசைத்தறியில் ஓட்டிய புடவைக்கும் 'காஞ்சிப் பட்டு' என்று பெயர் ஒட்டி விற்றபோது, அடிபட்டது தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்த நெசவாளிதான். புடவைக்குப் புவிசார் குறியீடு வந்து, சில்க் மார்க் பார்த்து வாங்கும் பழக்கமும் நமக்கு வந்தது. இட்லிக்கு அப்படி முத்திரை தேட வேண்டியதில்லை. "குடலையில வெச்சதா? மந்தாரை இலையா?" என்று இரண்டே கேள்வி கேட்டால் போதும். கேட்கிற ஆள் இருக்கும்வரைதான் கூடை பின்னுகிறவருக்கும், இலை பறித்துக் கட்டுகிறவருக்கும் வேலை இருக்கும். யாருமே கேட்காவிட்டால், எவர்சில்வர் டம்ளர் லாபம் என்று எல்லோரும் மாறிவிடுவார்கள். அதில் யாரைக் குறை சொல்ல முடியும்?

கிளம்பலாமா?

சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாக மின்சார ரயில் இருக்கிறது. பஸ்ஸும் நிறைய. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு ஆட்டோ கிடைக்கும். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். தரிசனம் முடித்து, நூற்றுக்கால் மண்டபத்துச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, பிரசாத ஸ்டாலில் விசாரியுங்கள். அத்தி வரதர் 2019-இல் வந்து போய்விட்டார். அடுத்து 2059-இல்தான் வருவார். இட்லிக்கு அத்தனை வருஷம் காத்திருக்க வேண்டாம், வரும் சனிக்கிழமையே போகலாம்.

வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். மிளகாய் இல்லாததால் அவர்களும் பயமில்லாமல் இன்னொரு துண்டு கேட்பார்கள்!