சாளரம் திறந்திருந்தால் மட்டும் போதுமா?

மக்கள் பணத்தில் அமைந்து மக்கள் பெயரால் இயங்கும் ஓர் அமைப்பு, அம்மக்களோடு முகத்துக்கு முகம் நின்று பேசும் இடம் எது? அமைச்சர் பேசும் மேடையன்று. மேலலுவலர் அமரும் அறையன்று. உள்ளே ஒருவர் இருக்க, வெளியே ஒருவர் நிற்க, காசும் சீட்டும் கைமாறும் சிறு சாளரமே அவ்விடம். தொடர்வண்டித் துறை என்னும் மாபெரும் அமைப்பை ஏழை எளிய மாந்தர் அறிவதெல்லாம் அச்சாளரத்தின் வழியாகவே. அதை மூடிவிடுவது ஒரு கொடுமை. மூடாமல் திறந்து வைத்து, வெளியே நிற்பவரின் மொழியை அறியாத ஒருவரை உள்ளே அமர்த்துவது மற்றொரு கொடுமை. முன்னதைத் தொழிலாளர் சிக்கல் என்றும், பின்னதை மொழிச் சிக்கல் என்றும் பிரித்துப் பார்ப்பதே இன்றைய வழக்கம். ஆயின் கேட்ட கேள்விக்கு விடை கிடையாமல் திரும்பும் மூதாட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆளில்லாச் சாளரமும் அடைத்த சாளரம். மொழியில்லாச் சாளரமும் அடைத்த சாளரமே.

புதுவை நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடி உள்ளது. அவ்வூரில் கடலை நம்பி வாழும் மீனவரும் உளர். முன்னர்ப் பொறியியற் கல்லூரியாக இருந்து, 2020-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அங்கேயே உள்ளது. பொறிகளுக்கு அறிவூட்டக் கற்கும் இளைஞரும், பொறியின் பொத்தானை அழுத்தத் தயங்கும் முதியோரும் ஒரே ஊரில் வாழ்கின்றனர். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுவை வழியாகக் கடலூருக்குக் கடலோரமாகத் தொடர்வண்டிப் பாதை இடும் திட்டம் ஒப்புதல் பெற்றுப் பல்லாண்டுகள் ஆகியும், அவ்வழியே வண்டி ஓடவில்லை. ஆதலால் பிள்ளைச்சாவடியார் தொடர்வண்டி ஏற வேண்டுமானால், பேருந்து பிடித்துப் புதுவை நிலையத்துக்கு வந்தாக வேண்டும். அவ்வாறு வருவோர் எல்லோர் கையிலும் செயலி ஏற்றிய செல்பேசி இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

புதுவைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏறத்தாழ 38 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை 1879-இல் திறக்கப்பட்டது. ஒரு முனையில் பிரெஞ்சியர் ஆட்சி. மறுமுனையில் ஆங்கிலேயர் ஆட்சி. அன்று ஆட்சியாளர் மொழி மக்களுக்குப் புரியாததில் வியப்பில்லை, ஆண்டவர் அயலவர். 1954 நவம்பர் முதல் நாளில் ஆட்சி கைமாறியது. 1962-இல் சட்டப்படியும் புதுவை இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. மக்களாட்சி வந்தபின்னும் மக்களின் மொழி அறியாதவரை மக்கள்முன் அமர்த்தினால், மாறியது கொடி மட்டுந்தானா என்று கேட்பதில் என்ன பிழை?

முதலில் கட்டணத்தைக் காண்போர்க்குச் சாளரத்தின் தேவை தெளிவாகும். ஒரே தண்டவாளத்தில், ஒரே இரு ஊர்களுக்கிடையே, எல்லா வண்டிக்கும் ஒரே கட்டணம் இல்லை. எளிய பயணியர் வண்டிக்கு ஒரு கட்டணம். விரைவு வண்டிக்கு அதனினும் மிகுதி. அதிவிரைவு வண்டிக்கு மேலும் ஒரு கூடுதல். எளிய வண்டிக்குரிய சீட்டோடு விரைவு வண்டியில் ஏறியவர் பிடிபட்டால், கட்டண வேறுபாட்டோடு குறைந்தது 250 உருபா தண்டமும் செலுத்த வேண்டும். 'அம்மா, இந்தச் சீட்டு அடுத்த வண்டிக்குச் செல்லாது; அதற்கடுத்த வண்டியில் ஏறுங்கள்' என்று சாளரத்தில் இருப்பவர் தமிழில் ஒரு வரி சொன்னால் அத்தண்டம் இல்லை. அவ்வொரு வரியைப் பொறி தானே முன்வந்து சொல்லாது. மொழியறியாப் பணியாளரால் சொல்லவும் இயலாது.

பெருந்தொற்றுக் காலத்தில் நடந்ததும் மறக்கற்பாலதன்று. 2020-இல் நின்றுபோன எளிய பயணியர் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, சிறப்பு விரைவு வண்டி என்னும் புதுப்பெயர் பூண்டு வந்தன. விரைவு கூடவில்லை, நிறுத்தங்களும் பெரிதும் குறையவில்லை. கூடியது கட்டணம் ஒன்றே. 10 உருபாவாக இருந்த குறைந்த கட்டணம் 30 உருபா ஆயிற்று. 2024 பிப்பிரவரி இறுதியில்தான் அது மீண்டும் 10 உருபாவுக்கு இறங்கியது. நாள்தோறும் அண்டை ஊருக்குச் சென்று திரும்பும் கூலியாளர் இடைப்பட்ட ஆண்டுகளில் இழந்த தொகையை யார் கணக்கிட்டார்? 60 அகவை கடந்த ஆடவர்க்கு 40 விழுக்காடும், 58 அகவை கடந்த பெண்டிர்க்கு 50 விழுக்காடும் வழங்கப்பெற்ற சலுகை 2020 மார்ச்சு 20-இல் நிறுத்தப்பட்டது. தொற்று நீங்கியபின்னும் நிறுத்தியது நிறுத்தியதே. ஒவ்வொரு பயணிக்கும் சராசரியாக 46 விழுக்காடு சலுகை ஏற்கெனவே வழங்கப்படுகிறது என்பது நாடாளுமன்றத்தில் அமைச்சர் தந்த விடை. கணக்குச் சரியாகவே இருக்கட்டும். பொதுத்துறை என்பதன் பொருளே அதுவன்றோ? ஈட்டம் ஒன்றே நோக்கமானால் அரசு எதற்கு? வணிகர் போதுமே!

இனி, சாளரத்தை விட்டு இணையத்துக்குச் செல்வோர் நிலை என்ன? முன்பதிவுச் சீட்டைச் சாளரத்தில் எடுத்தால் வசதிக் கட்டணம் என ஒன்று இல்லை. இணையத்தில் எடுத்தால் உண்டு. 2019 செப்டம்பர் முதல் நாளிலிருந்து குளிரூட்டாத வகுப்புச் சீட்டுக்கு 15 உருபாவும், குளிரூட்டிய வகுப்புக்கு 30 உருபாவும், அவற்றின்மேல் வரியும் விதிக்கப்பட்டன. செல்பேசி வழி நேரடியாகப் பணம் செலுத்துவோர்க்கு அது 10, 20 எனக் குறைந்தது. சீட்டெழுதும் வேலையைப் பயணியே செய்கிறார். அவ்வேலைக்குக் கூலியும் அவரே கொடுக்கிறார்! மறுபுறம், முன்பதிவில்லாச் சீட்டுக்குரிய செயலியின் பணப்பையில் முன்கூட்டியே பணம் இடுவோர்க்கு நூற்றுக்கு மூன்று என்ற அளவில் ஊக்கத்தொகை வழங்கப்பட்டு வந்துள்ளது. மீன் விற்ற காசை மடியில் முடிந்துகொண்டு வரும் பெண்மணிக்கு அவ்வூக்கம் எட்டாது. கட்டணப் பட்டியல் எல்லார்க்கும் ஒன்றே. ஆயின் கருவி உடையார்க்கு ஒரு விலை, இல்லார்க்கு ஒரு விலை என்னும் நிலை பின்வாயில் வழியாக நுழைகிறது.

ஆள் குறைப்பும் அவ்வாறே ஓசையின்றி நிகழ்கிறது. 1990-ஆம் ஆண்டையொட்டி 16 இலக்கத்துக்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்டிருந்த இந்தியத் தொடர்வண்டித் துறையில், இன்று ஏறத்தாழ 12 இலக்கம் பேரே உளர். 2023-இல் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட விடைப்படி, நிரப்பப்படாத இடங்கள் மட்டும் ஏறத்தாழ இரண்டரை இலக்கம். சிறு நிறுத்தங்களில் கழிவுத்தொகைக்குச் சீட்டு விற்கும் முகவர் முறை முன்னரே உண்டு. இன்று பெரிய நிலையங்களிலும், தானியங்கிச் சீட்டுப் பொறியருகே ஓய்வுபெற்ற பணியாளர் நின்று, கழிவுத்தொகைக்காகப் பொத்தானை அழுத்திச் சீட்டெடுத்துத் தருகின்றனர். பொறி வந்தால் ஆள் வேண்டா என்றவர்கள், அப்பொறியை இயக்கவே ஆளை நிறுத்தியுள்ளனர்! நிலையான ஊதியமும் பணிப் பாதுகாப்பும் கொண்ட ஓர் இடம் மறைந்து, கழிவுத்தொகைக்குக் காத்து நிற்கும் ஓர் இடம் தோன்றியுள்ளது. வேறு என்ன நிகழ்ந்தது?

'முன்பதிவுச் சீட்டுகளில் பத்தில் எட்டுக்கு மேல் இணையத்தில் விற்கின்றன, சாளரம் எதற்கு?' என்பார் உளர். இதே வினாவை, தொடர்வண்டி பிறந்த இங்கிலாந்தும் எழுப்பிப் பார்த்தது. சீட்டுகளில் நூற்றுக்குப் பன்னிரண்டே சாளரத்தில் விற்கின்றன என்று காரணம் காட்டி, அந்நாட்டின் சீட்டு அலுவலகங்களுள் மிகப் பெரும்பாலானவற்றை மூடும் திட்டத்தைத் தொடர்வண்டிக் குழுமங்கள் 2023 சூலையில் வெளியிட்டன. கண் தெரியாதோரும், சக்கர நாற்காலியில் செல்வோரும், முதியோரும், தொழிற்சங்கத்தாரும் எதிர்த்தெழுந்தனர். ஏறத்தாழ ஏழரை இலக்கம் கருத்துரைகள் குவிந்தன. பயணியர் நலம் காக்கும் இரு அமைப்புகளும் திட்டத்துக்கு உடன்பட மறுத்தன. 2023 அக்தோபர் 31-இல் அரசு திட்டத்தைக் கைவிடச் செய்தது. அம்மக்கள் எண்ணிக்கையை மறுக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று கேட்டனர்; கேட்டு வென்றனர். இங்குள்ள பத்தில் இருவரும் யார் என்று கேட்டால், வேறு வழியில்லாதோர் பலர் அவ்விருவருள் அடங்குவர் என்பது விளங்கும்.

ஆயின் இங்கிலாந்து மக்கள் சாளரத்தைக் காத்தபோது, அதன் உள்ளே அமர்ந்திருப்பவர் தம் மொழி அறிவாரா என்று அவர்கள் கவலையுற நேரவில்லை. தமிழர்க்கு அக்கவலையும் உண்டு. 2019 மே 9-ஆம் நாள் மதுரைக்கு அருகே திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடைப்பட்ட ஒற்றைப் பாதையில், எதிரெதிரே இரு வண்டிகள் செல்ல இசைவு தரப்பட்டது. மோதுமுன் வண்டிகள் நிறுத்தப்பட்டமையால் உயிர்கள் தப்பின. இரு நிலைய அலுவலர்க்கிடையே மொழி புரியாமல் போனதும் ஒரு காரணம் எனச் செய்திகள் கூறின. இதற்குத் தென்னகத் தொடர்வண்டித் துறை கண்ட மருந்து யாது? அடுத்த மாதமே, நிலைய அலுவலரும் கட்டுப்பாட்டு அறையினரும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டுமே பேச வேண்டும். வட்டார மொழியைத் தவிர்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது! தமிழறியாதவர் தமிழ் கற்க வேண்டும் என்னாமல், தமிழறிந்தவர் தமிழை விட வேண்டும் என்றது. நோயுற்றவன் ஒருவன், மருந்து குடிக்க வேண்டியவன் வேறொருவன். தமிழகம் கொதித்தெழுந்தபின், சூன் 14-இல் அச்சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அறிக்கை போயிற்று, அதை எழுதத் தூண்டிய மனப்பான்மை போயிற்றா?

சட்டத்தின் நிலையும் காணத்தக்கது. நடுவணரசின் 1976-ஆம் ஆண்டு அலுவல் மொழி விதிகள், தமிழ்நாடு நீங்கலாக ஏனைய இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்று தம் தொடக்கத்திலேயே கூறுகின்றன. மொழிப் போரில் தமிழர் சிந்திய குருதிக்குக் கிடைத்த விலக்கு அது. ஆனால் அவ்விலக்கு புதுவைக்கு இல்லை. பிள்ளைச்சாவடியிலிருந்து கடற்கரைச் சாலை வழியே புதுவை நகருக்கு வரும் பேருந்து, பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் எனத் தமிழ்நாட்டு மண்ணைக் கடந்தே வருகிறது. ஏறுமிடத்தில் விதி உண்டு, இடையில் இல்லை, இறங்குமிடத்தில் மீண்டும் உண்டு! பேருந்தில் இருப்பவர் பேசும் மொழியோ தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்றே. புதுவையின் 1965-ஆம் ஆண்டு அலுவல் மொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக ஏற்றுள்ளது. மாநில அலுவலகத்தில் உரிமையோடு தமிழ் பேசும் குடிமகன், தெருவைக் கடந்து தொடர்வண்டி நிலையத்துள் கால்வைத்ததும் அவ்வுரிமையை வாயிலில் கழற்றி வைத்துவிட்டுச் செல்ல வேண்டுமோ?

'இது அனைத்திந்தியப் பணி. மொழியைக் கட்டாயமாக்க இயலாது' என்று கைவிரிப்பார்க்கு, அதே நடுவணரசின் பிற துறைகளே விடை கூறும். ஊரக அஞ்சல் பணியாளராகச் சேர விரும்புவோர், அவ்வட்டார மொழியைப் பத்தாம் வகுப்பு வரையேனும் பயின்றிருத்தல் வேண்டும். பொதுத்துறை வங்கிகளில் எழுத்தராகச் சேர்வோர், பணியேற்குமுன் அம்மாநில மொழியில் தம் திறத்தை மெய்ப்பிக்க வேண்டும். கடிதம் கொடுப்பவர்க்கும் பணம் எண்ணுபவர்க்கும் இன்றியமையாததாகிய மொழியறிவு, நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமக்கும் வண்டிக்கு வழிவிடுபவர்க்கு வேண்டாவா? தொடர்வண்டித் தேர்வைத் தமிழிலும் எழுத இன்று வழியுண்டு. ஆயினும் எம்மாநிலத்தவரும் எந்தத் தேர்வு வாரியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அவ்வட்டார மொழியறிவு பணிக்குரிய தகுதியாக வைக்கப்படவில்லை. குறை அங்கேதான் உள்ளது.

வேலை தேடி வடக்கிலிருந்து வரும் இளைஞன் தமிழர்க்குப் பகைவன் அல்லன். மொழி கற்பியாமல் அவனை முன்பின் அறியா ஊரில் அமர்த்தி, மக்கள் சினத்துக்கு இலக்காக்கும் முறையே பகை. சாளரத்தின் இருபுறமும் நிற்போர் அம்முறையால் இடர்ப்படுகின்றனர். மொழி கற்றவன் வட்டார மக்களோடு ஒன்றி நல்ல பணியாளனாவான். கல்லாதவன் ஆண்டுகள் பல இருந்தும் அயலவனாகவே இருப்பான்.

எனவே தமிழுணர்வாளர் முன்வைக்க வேண்டிய வேண்டுகை தெளிவானது. வண்டி நிற்கும் நிலையங்களில் ஆளமர்ந்த சாளரம் வேண்டும். அவ்வாள் துறையின் நிலையான பணியாளராக இருத்தல் வேண்டும். மக்களோடு பழகும் பணியிலும், வண்டி இயக்கும் பணியிலும் உள்ளோர்க்கு வட்டார மொழியறிவு, அஞ்சல் துறையிலும் வங்கியிலும் உள்ளதுபோல் விதியாக்கப்படல் வேண்டும். முதியோர்க்குரிய சலுகை மீள வேண்டும். காசு கொடுத்துச் சீட்டு வாங்குவோர் கருவி இல்லாமையால் இழப்படைதல் கூடாது. இவற்றுள் ஒன்றை மட்டும் கேட்டுப் பெறுவது பாதி வெற்றியும் ஆகாது. ஆளைக் கேட்டு மொழியை விட்டால், ஊமைச் சாளரம் கிடைக்கும். மொழியைக் கேட்டு ஆளை விட்டால், தமிழ் எழுத்துகள் ஒளிரும் பொறி ஒன்று கிடைக்கும். அதன்முன் எழுத்தறியா மூதாட்டி நின்றுகொண்டே இருப்பாள்.

தொழிற்சங்கத்தார் கொடியும் தமிழ்க் கொடியும் ஒரே நிலைய வாயிலில் சேர்ந்து நிற்கும் நாளில்தான், அச்சாளரம் மெய்யாகத் திறக்கும்.