சிரிப்பு நம்ம பானையில் இருந்து வரட்டும்!

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன், தோவாளை)



"நீதான் காமெடி பண்ணுவியே மக்கா, மலருக்கு நாலு ஜோக் எழுதித் தா" என்று சங்கத்து அண்ணன்மார் கேட்டார்கள். நாலு ஜோக் எழுத அரை மணி நேரம் போதும். ஆனால் ஜோக்கைப் பற்றியே ஒரு கருத்து ஒரு வருஷமாக என் மனசில் கிடந்து உறுத்துகிறது. அதை விட்டுவிட்டு ஜோக்கை மட்டும் எழுதிக் கொடுத்தால் தொண்டையில் மீன் முள் சிக்கிய கதைதான். அதனால் இது கட்டுரை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருத்து இதுதான். நல்ல சிரிப்பு நம்ம வீட்டுப் பானையில் இருந்து வரணும். அடுத்தவன் பானையை உடைத்து எடுக்கிற சிரிப்பு, சிரிப்பே இல்லை!

பானை என்று உவமைக்கு மட்டும் சொல்லவில்லை. நிஜமான கஞ்சிப் பானையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எப்படி என்று கேட்கிறீர்களா? முதலில் என்னை மாதிரி ஒரு சில்லறைக் காமெடிக்காரனின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

நாலு மணிக்கு எழும்பும் காமெடி

தோவாளைக்காரன் காமெடி பண்ணினாலும் சரி, கலெக்டர் ஆனாலும் சரி, பூச்சந்தை அவனைத் தூங்க விடாது. விடியும் முன்னாலேயே சந்தை கூடிவிடும். அப்பாவோடு பூ மூட்டையைச் சுமந்து இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, கஞ்சி குடித்து, பஸ் பிடித்து, முதல் பீரியடுக்கு ஒர்க்‌ஷாப்பில் அரமும் கையுமாக நிற்க வேண்டும். சாயங்காலம் ரெக்கார்டு நோட்டு. கோயில் கொடை, கிளப் ஆண்டு விழா என்று யாராவது கூப்பிட்டால் ராத்திரி மேடை. சம்பளம்? ஒரு துண்டு, ஒரு பார்சல் பரோட்டா, "தம்பி நல்லாப் பண்ணினான்" என்று மைக்கில் ஒரு வார்த்தை. மூன்றில் எது பெரிசு என்று கேட்டால் மூணாவதுதான். துண்டு மட்டும் வீட்டில் பதினொண்ணு சேர்ந்துவிட்டது. அம்மை அதை வைத்து ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறாள்.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். "படிக்கப் போன பிள்ளை கோமாளி வேஷம் கெட்டலாமாலே?" என்று ஆச்சி கேட்கத்தான் செய்கிறாள். நியாயமான கேள்வி. என் பதில், காமெடியும் ஒரு படிப்புதான் என்பது.

வேடிக்கை பார்ப்பதும் பாடம்தான்

காமெடிக்காரனுக்கு மூலதனம் வேடிக்கை பார்க்கிற கண். பூச்சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் பிச்சிப்பூ விலை தென்னை மர உச்சியில் நிற்கும். முகூர்த்தம் முடிந்தால் தரையில் கிடக்கும். ஓணம் வந்தால் கேரளத்துக்கு வண்டி வண்டியாகப் பூ போகும். அதே வியாபாரிக்கு விலை ஏறும்போது ஒரு குரல், இறங்கும்போது வேறொரு குரல்! அந்த ரெண்டு குரலையும் பிடித்துவிட்டால் பத்து நிமிஷ மிமிக்ரி ரெடி.

குரலே ஒரு அதிசயம்தான். நம் குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. ஆண் பேசும்போது அவை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிரும். பெண் குரல் என்றால் சுமார் இருநூறு தடவை. ஆனால் அந்த அதிர்வுக்கு உருவம் கொடுப்பது தொண்டையும் வாயும் மூக்கும். மிமிக்ரிக்காரன் பெரும்பாலும் மாற்றுவது இந்த அச்சைத்தான். நம்ம ஊர் வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் தட்டினால் 'கும்'மென்று ஒலிக்கிறதே, அங்கேயும் உள்ளே இருக்கிற காற்றுதான் அதிர்கிறது. இதையெல்லாம் "ஏன்? எப்படி?" என்று கேட்கிற புத்திதான் என்ஜினியருக்கும் வேணும், காமெடிக்காரனுக்கும் வேணும்.

பார்சல் பரோட்டாவும் காணத் தொவையலும்

இந்தக் குரல் என்கிற மெஷினுக்கு எண்ணெய் எது? சாப்பாடு! நிகழ்ச்சி முடிந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பரோட்டாவையும் சால்னாவையும் வயிறு முட்ட அடித்துவிட்டு உடனே படுத்தால், வயிற்றில் இருக்கிற புளிப்பு மேலே ஏறித் தொண்டையைப் பதம் பார்க்கும். காலையில் எழுந்தால் நெஞ்சு எரியும், குரல் கட்டும். பரோட்டாவுக்குப் போடுகிற மைதா, கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி எடுத்தது. எப்போதாவது தின்றால் குடி முழுகிவிடாது. அதையே அன்றாட ஆகாரம் ஆக்கினால்தான் ஆபத்து.

எங்கள் வீட்டில் ஆச்சியின் ராஜ்யம். காலையில் சம்பா அரிசிக் கஞ்சி, கூடச் சிறுபயறு. வாரத்தில் ஒரு நாள் தேங்காய்ப்பூவும் பூண்டும் போட்ட உளுந்தங்கஞ்சி. தொண்டை கட்டினால் சுக்கும் நல்லமிளகும் தட்டிப்போட்ட கருப்பட்டிக் காப்பி. எல்லாவற்றுக்கும் மேலே காணத் தொவையல். காணத்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, வத்தல், புளி, பூண்டு, தேங்காய், உப்பு வைத்து அம்மியில் அரைத்தால் முடிந்தது வேலை. "அது குதிரைக்கு வைக்கிறதுல்லா?" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 100 கிராம் காணத்தில் சுமார் 22 கிராம் புரதம். அதே அளவு அரிசியில் எட்டு கிராம்கூடத் தேறுவது கஷ்டம். இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம்ம கிழவிமார் சும்மாவா சொன்னார்கள்? குதிரை ஓடுகிறது அண்ணே, நாமதான் பஸ் ஸ்டாப்பில் மூச்சு வாங்குகிறோம்!

ஒரு தூக்குவாளியின் கதை

இவ்வளவு நல்ல சாப்பாட்டைத்தான் நம்மில் பலர் ஒளித்து வைத்துத் தின்கிறோம். ஏன்? கேலிக்குப் பயந்து!

எனக்குத் தெரிந்த ஒரு மாணவன். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. வீட்டில் இருந்து தூக்குவாளியில் பழையதும் சுட்ட கருவாடும் கொண்டுவருவான். கலை நிகழ்ச்சியில் ஒருத்தன் அந்த வாளியை வைத்தே ஐந்து நிமிஷம் காமெடி பண்ணினான். வாளியைத் திறப்பது மாதிரி, வகுப்பே மூக்கைப் பொத்துவது மாதிரி, வாத்தியார் மயங்கி விழுவது மாதிரி. விசில் பறந்தது. மறுநாளில் இருந்து அவன் வாளி கொண்டுவரவில்லை. கேட்டால் "பசிக்கல்லே" என்பான். மத்தியானம் குழாய்த் தண்ணீர்தான். ஒரு நாள் பிராக்டிகல் நேரத்தில் லேத் பக்கத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். ஓடுகிற லேத் பக்கத்தில் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த ஐந்து நிமிஷச் சிரிப்புக்கு விலை, ஒருத்தனின் மூன்று மாத மத்தியானச் சோறு. இந்த வியாபாரத்தில் லாபம் யாருக்கு?

கலைவாணர் காட்டிய வழி

"அப்படீன்னா யாரையும் கிண்டல் பண்ணாமலா சிரிக்க வைக்கிறது?" என்று கேட்பீர்கள். பதில் நம்ம பஸ் ரூட்டிலேயே இருக்கிறது. தோவாளையில் இருந்து நாகர்கோவிலுக்குப் போகிற வழியில் வருகிற ஒழுகினசேரியில்தான் 1908 நவம்பர் 29-ல் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்தார். வறுமையில் படிப்பு பாதியில் நின்றது. நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன், வில்லுப்பாட்டுப் பாடி, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து, சினிமாவுக்குப் போய், தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தார். 1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947-ல் விடுதலையாகும்வரை சிறையில் கிடந்தார். வெளியே வந்தும் சிரிக்க வைக்கத்தான் செய்தார். 1957 ஆகஸ்ட் 30-ல், 49 வயது நிறையும் முன்னே, போய்ச் சேர்ந்தார்.

அவர் எதை வைத்துச் சிரிக்க வைத்தார் என்று பாருங்கள். அண்ணா கதை வசனம் எழுதி 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் 'கிந்தனார்' என்று ஒரு கதாகாலட்சேபம் வரும். நந்தனார் சாமி கும்பிடச் சிதம்பரம் போக ஆசைப்பட்டார். கிந்தன் படிப்பதற்குச் சென்னைப் பட்டணம் போக ஆசைப்படுகிறான். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பையன். படித்து, பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற அதிகாரியாகத் திரும்பி வருகிறான். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஆனால் யாரைப் பார்த்து? கிந்தனைப் பார்த்து இல்லை! அவனைப் படிக்க விடாதவர்களைப் பார்த்து! முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கெல்லாம் அந்தக் கிந்தன் மூத்த அண்ணன் இல்லையா?

அதே படத்தில் விஞ்ஞானத்தைப் பற்றியும் அவர் பாடுகிறார். பட்டனை அமுக்கினால் காலைப் பலகாரம் தானாகப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பாட்டு. வீட்டு அடுக்களை, விஞ்ஞானம், சிரிப்பு மூன்றையும் ஒரே தட்டில் வைத்தார் மனுஷன். யாருடைய தட்டையும் தட்டிவிடவில்லை!

கடல் தாண்டிப் போனாலும் இதே கதைதான். சார்லி சாப்ளின் லண்டனில் பசியோடு வளர்ந்த பிள்ளை. 1925-ல் வந்த 'தி கோல்டு ரஷ்' படத்தில் பசி தாங்காமல் ஷூவை வேகவைத்து, விருந்துச் சாப்பாடு மாதிரி ரசித்துத் தின்பார். (படப்பிடிப்பில் தின்ற ஷூ அதிமதுரத்தில் செய்தது!) பசியைக் கேலி பண்ணினார், பசித்தவனைக் கேலி பண்ணவில்லை. ரெண்டுக்கும் நடுவில் ஒரு கடலே இருக்கிறது, நண்பர்களே.

"ஜோக்கை ஜோக்கா எடுக்கணும்" என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒரு சின்ன சோதனைதான். சிரிக்கிற கூட்டத்தில் அவனும் மனசாரச் சிரிக்கிறானா என்று பாருங்கள். சிரித்தால் ஜோக். அவன் தரையைப் பார்த்தால், அது ஜோக் இல்லை, அடி.

"காமெடி சோறு போடுமா?" என்றும் கேட்பார்கள். சிலருக்குப் போட்டிருக்கிறது. என்ஜினியரிங் படித்த சிவகார்த்திகேயன் 'கலக்கப்போவது யாரு' மேடையில் இருந்துதான் சினிமாவுக்குப் போனார். ஆனால் நாம் எல்லாரும் சிவகார்த்திகேயன் ஆக முடியாது, ஆகவும் வேண்டாம். நாளைக்கு ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்ட் முடிந்து களைத்து வருகிற நாலு பேரைச் சிரிக்க வைத்தால் போதும். நாலு பேர் முன்னால் நடுங்காமல் நிற்கிற தைரியமும் ஓசியில் கிடைக்கும். இன்டர்வியூவுக்கு ஆகும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரளிப்பூவை மடித்து மணி மணியாகக் கட்டுகிற எங்கள் ஊர் மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டுகிற கைகளில் பல, காலேஜ் வாசலை மிதிக்காதவை. அந்தக் கைகள் செய்ததற்குச் சர்க்கார் மரியாதை கொடுக்கிறது. அதே மாதிரிக் கைகள் வடித்துக் கொடுத்த கஞ்சிக்கு நாம் கொடுக்கிற மரியாதை என்ன?

அதனால் சங்கத்துக்கு என் கோரிக்கைகள் மூன்று:

ஒன்று. அடுத்த கலை விழாவில் ஒரு மாணவனின் சாப்பாடு, நிறம், சாதி, அப்பா தொழில், தடுமாறுகிற இங்கிலீஷ் இவற்றைக் கேலி செய்கிற நிகழ்ச்சிக்கு மேடை கிடையாது என்று முன்கூட்டியே அறிவியுங்கள்.

இரண்டு. நம்ம மாணவர்களை வைத்தே ஒரு வில்லுப்பாட்டுக் குழு தொடங்குங்கள். லேத்தும் பஸ் நெரிசலும் அரியர் பேப்பரும் போதாதா கதைக்கு? "ஆமா" போட நான் முதல் ஆளாக வருகிறேன்.

மூன்று. மாதத்தில் ஒரு நாள், எல்லாரும் அவரவர் வீட்டுச் சாப்பாட்டை வராந்தாவில் ஒன்றாக வைத்துப் பங்குபோட்டுத் தின்போம். கிழங்கும் மீனும் வரட்டும், தீயல் வரட்டும், பழையது வரட்டும். எது முதலில் காலியாகிறது என்று பார்ப்போம். என் பந்தயம் காணத் தொவையல் மேல்!

வாய் விட்டுச் சிரித்தால் நோய் விட்டுப் போகும் என்பார்கள். சரிதான். ஆனால் அந்தச் சிரிப்பால் இன்னொருத்தன் வாய் மூடிவிடக் கூடாது. வாளியைத் தைரியமாகத் திறப்போம். வயிறாரத் தின்போம். பிறகு எல்லாரும் சேர்ந்து சிரிப்போம்!