வீண்பழியும் நமது கடமையும்

செய்யாத குற்றம் ஒருவன்மீது சுமத்தப்படுமாயின் அவன் யாது செய்தல் வேண்டும்? வாய்மூடி இருத்தலே கிறிஸ்தவப் பொறுமை என்பார் சிலர். பழிக்குப் பழி கூறி எதிரியின் வாயை அடைத்தலே ஆண்மை என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் முழு உண்மையாகா என்பது நமது கருத்து. இதனைத் தெளியும்பொருட்டுத் திருச்சபையின் ஆதிகாலச் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோமாக.

உரோம இராச்சியத்தில் வாழ்ந்த ஆதிக் கிறிஸ்தவர்மீது மூன்று பெரும்பழிகள் பரவியிருந்தன. அந்நாட்டுத் தேவர்களை வணங்காமையால் அவர்கள் நாஸ்திகர் எனப்பட்டனர். சிசுக்களைக் கொன்று தின்பவர் என்றும், முறைதவறிய ஒழுக்கமுடையவர் என்றும் தூற்றப்பட்டனர். நற்கருணையைப்பற்றிய பேச்சையும், ஒருவரையொருவர் சகோதரர் என்றழைத்த வழக்கத்தையும் அரைகுறையாய்க் கேட்டோர் இவ்வாறு திரித்தனர் எனச் சரித்திர ஆசிரியர் கருதுவர்.

கி.பி. 112-ஆம் ஆண்டளவில், பித்தினியா நாட்டுத் தேசாதிபதியாகிய பிளினி என்பவர் இதனை விசாரித்தார். சபை ஊழியம் செய்துவந்த அடிமைப்பெண்கள் இருவரை வாதித்தும் வினவினார். தாம் அறிந்ததை டிராஜன் சக்கரவர்த்திக்கு எழுதினார். அவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் துதித்துப் பாடுகின்றனர். களவும் விபசாரமும் செய்யோம், வாக்குத் தவறோம், நம்பி ஒப்புவித்த பொருளை இல்லையென்று மறுக்கோம் என ஆணையிட்டுக்கொள்கின்றனர். பின்னர்ச் சாதாரண உணவையே கூடி உண்கின்றனர் என்பதே அவர் கண்டது. குற்றத்தைத் தேடிச் சென்றவர் நாணயத்தையே கண்டார்! வீண்பழிக்கு முதல் மறுமொழி ஒருவனுடைய அன்றாட நடக்கையே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயினும், நடக்கையே போதுமென்று அவர்கள் பேசாதிருந்தாரில்லை. 155-ஆம் ஆண்டளவில் ஜஸ்டின் என்னும் ஞானி அரசருக்கு ஒரு விண்ணப்பம் வரைந்தார். குற்றம் மெய்ப்பிக்கப்படின் தண்டியுங்கள். பெயர் ஒன்றையே குற்றமாகக் கொள்ளாதீர்கள் என்பது அதன் சாரம். அவர் சலுகையை வேண்டவில்லை, விசாரணையையே வேண்டினார். கிறிஸ்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டா, பிடிபட்டால் தண்டிக்க என்று டிராஜன் முன்னரே கட்டளையிட்டிருந்தார். குற்றவாளியாயின் தேடாமல் விடுவானேன், நிரபராதியாயின் தண்டிப்பானேன் என அக்கட்டளையின் முரண்பாட்டை 197-ஆம் ஆண்டில் தெர்த்துல்லியன் எடுத்துக்காட்டினார்.

நமது ஆண்டவர் பிலாத்துவின்முன் மௌனமாயிருந்தாரே என்பீராயின், அவரே பிரதான ஆசாரியன்முன் அறையப்பட்டபோது, தாம் பேசியதில் தவறு யாதெனக் காட்டும்படி கேட்டதையும் நினைமின். பவுல் அப்போஸ்தலரும் இராயனிடத்தில் அபயமிட்டார். ஆகவே, மெய்யை எடுத்துரைப்பது பொறுமைக்கு மாறன்று. பகைமையின்றி உரைத்தலும், பிறர்மேல் புதுப்பழி சுமத்தித் தப்ப முயலாமையுமே பொறுமை.

அங்ஙனம் உரைத்தவுடனே விடுதலை கிடைக்குமென்று நாம் கூறவில்லை. ஜஸ்டின் 165-ஆம் ஆண்டளவில் உரோமாபுரியிற் கொலையுண்டார். விசுவாசம் வேண்டப்படுவது இவ்விடத்திலேதான். மனிதர் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு என்று எண்ணுகிறவன், அது தவறாகும்போது மனம் கசந்துபோகிறான். தேவனுடைய தீர்ப்பை எதிர்நோக்குகிறவனோ தோல்வியிலும் பொய் பேசான்.

இனி, நாம் மறக்கலாகாத மற்றொரு பக்கமும் உண்டு. பிற்காலத்திற் கிறிஸ்தவர் கையில் அதிகாரம் வந்தது. அப்போது, தம் முன்னோர்மீது சுமத்தப்பட்ட சிசுக்கொலைப் பழியையே அவர்கள் யூதர்மீது சுமத்தினர். 1144-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நார்விச் நகரத்தில் ஒரு சிறுவன் இறந்ததைக்கொண்டு இப்பொய் கிளம்பிற்று. 1475-இல் டிரெண்ட் நகரத்தில் சீமோன் என்னும் குழந்தையின் மரணத்திற்காக யூதர் பலர் வாதிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அக்குழந்தைக்கு ஏற்பட்ட வழிபாட்டை உரோமச் சபை 1965-ஆம் ஆண்டிலேதான் நீக்கிற்று. ஒரு பொய்யைக் களைய 490 ஆண்டுகள் சென்றன! பழி சுமந்ததன் துன்பத்தை அறிந்த கூட்டமே பழி சுமத்தும் கூட்டமாயிற்று என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆராயாது தீர்ப்பளித்ததனால் ஒரு பாண்டியன் அழிந்த கதையைச் சிலப்பதிகாரத்திற் கற்கும் மாணாக்கர், அதனைப் பரீட்சைக்கு மாத்திரம் கற்பது தகுமோ? விடுதியில் ஒரு கடிகாரம் காணாமற்போயின், நமது கண்கள் முதலில் யார்மேற் செல்கின்றன? ஏழை மாணவன்மேலும் வேலைக்காரன்மேலும் அன்றோ? சான்று யாது என்று அப்போது ஒருவன் எழுந்து கேட்பானாயின், அவன் ஜஸ்டின் வேண்டிய நீதியைச் செய்தவனாவான்.

பழி நம்மேல் வரின் ஒளிவின்றி விடையிறுப்போம், விசாரணையைக் கேட்போம், முடிவைத் தேவனிடத்தில் ஒப்புவிப்போம். பழி பிறர்மேல் வரின், நமக்காகக் கேட்ட அவ்விசாரணையை அவர்க்காகவும் கேட்போம். முன்னதைச் செய்வோர் பலர். பின்னதையும் செய்வோரே கிறிஸ்துவின் நெறியை முற்றக் கற்றவராவர்.